சாக்குக்குக் கீழே

மண்புழுத் தொட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மூக்கே போதும். ஈரச் சாக்கைத் தூக்கினால் மண்வாசனை வர வேண்டும். புளிச்ச வாடை அடித்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, இல்லை தின்ன முடியாத அளவுக்குக் கொட்டியிருக்கிறோம். இதை ஆயாவிடம் சொன்னால் சிரித்திருப்பாள். அவள் எருக்குழிப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவோம். சாணி, அடுப்புச் சாம்பல், மாடு கழித்த வைக்கோல் எல்லாம் அதில்தான். கோடையில் வண்டி கட்டி வயலுக்குப் போகும்.

அந்தக் குழியோரம் தோண்டிப் புழுவைக் கொட்டாங்கச்சியில் அள்ளிக்கொண்டு ஏரிக்கு ஓடுவோம். மண்புழு உழவனின் நண்பன் என்று பரீட்சையில் எழுதிவிட்டு, சாயங்காலம் அந்த நண்பனைத் தூண்டில் முள்ளில் கோப்பது யாருக்கும் உறுத்தியதில்லை.

எங்கள் ஊர் உத்திரமேரூர். பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் குடவோலைத் தேர்தல் என்பார்கள். பராந்தக சோழன் காலத்து 919, 921 கல்வெட்டுகளைப் பார்க்க வருகிறார்கள். எனக்கென்னவோ, அந்த ஓலையில் பெயர் வந்தவர்கள் பார்த்த வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனியே வைத்திருந்தார்கள். ஏரியில் தண்ணீர் வற்றினால் அடியில் கிடக்கும் வண்டல் நிலத்துக்கு உரம். அந்தப் பக்கம் வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீரே உரம். அதனால்தான் பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தடுக்கச் சொல்லி அவ்வூர்க்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் போனார்கள்.

புழுவுக்கும் ஈரம்தான் எல்லாம். அது தோலால் மூச்சு விடுகிறது. தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி மழையில் புழு சுவரேறி வெளியே வந்தால் அடித்துளை அடைத்திருக்கும், குச்சி விட்டுக் குத்த வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் புங்கமர நிழலும் போதாது, சாக்கைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும்.

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கப் புழு. நன்றாகத் தின்னும், சீக்கிரம் பெருகும். ஆனால் சென்னை நியூ காலேஜில் இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் நம் மண்ணுப் புழுவே போதும் என்று பல வருஷமாகச் சொல்லிவந்தார். நானும் அவர் கட்சி. எருக்குழியோரம் கிடைத்ததும் அந்தப் புழுதானே.

எலுமிச்சைத் தோல், ஊறுகாய், எண்ணெய்க் கறி எதுவும் தொட்டிக்கு ஆகாது. மீந்த சாம்பாரை எங்கே கொட்டுவது என்று வீட்டில் தினமும் கேள்வி. முன்பு கழுநீர்த் தொட்டி இருந்தது, மாடு குடித்தது. தொட்டியில் மக்கிய எரு டீத்தூள் மாதிரி உதிர்கிறது. தண்ணீரை நிறுத்தி வெளிச்சத்தில் குவித்தால் புழு அடிக்குப் போய்விடும், மேலே இருக்கும் எருவை வழித்துக்கொள்ளலாம்.

மறுபடி நிரப்பச் சாணி வேண்டும். பச்சைச் சாணி சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும், ஆற வேண்டும். மாடு போனபின் அதையும் விலைக்குத்தான் வாங்குகிறேன். பக்கத்துத் தெரு அண்ணன் மூட்டை கட்டும்போது கேட்பார்: “புழுவுக்கா தம்பி? அப்ப பழசா பாத்துப் போடுறேன். ஆனா வெல அதேதான்.”