லாக் பெடல்

உங்கள் வீட்டில் ரிமோட் லாரி இருந்தால் உங்களுக்கே தெரியும். மொசைக் தரையில் பறக்கும். வாசலில் இறக்கினால் முனகும்.

அக்கா மகனுக்கு 13 வயது. முழுப் பரீட்சை லீவுக்குக் கன்னிவாடி வந்திருந்தான். நான் வாங்கிக் கொடுத்த லாரி, அட்டைப் பெட்டிப் படத்தில் பாறை மேல் ஏறிக்கொண்டிருந்தது. (விலை? என் மனைவி இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறாள். வேண்டாம்.) நிஜத்தில் அதற்குப் பின்சக்கரம் மட்டும்தான் மோட்டாரில் சுற்றும். எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரம். உதிர்ந்த செம்மண்ணில் குளத்துக்கரைச் சரிவுக்குக் கொண்டுபோனதும் லாரி ஒரு முழம் ஏறியது. அப்புறம் சக்கரம் மட்டும் சுற்றியது.

"பவர் பத்தல மாமா. பெரிய மோட்டார் போடணும்."

நான் பி.காம். உடனே மோட்டார் விலையைத்தான் யோசித்தேன்.

"பவர் பத்தலைன்னா சக்கரம் எப்புட்றா இப்புடிச் சுத்தும்? விடு, குழி தோண்டுது பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா. பேரனிடம் சொன்னார், என்னிடம் இல்லை.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் டிராக்டரை விற்றோம். விற்க வைத்தது நான். டீசல், டிரைவர் கூலி, டயர், தேய்மானம் என்று ஒரு தாளில் வரவு செலவு எழுதி நீட்டினேன். அப்பா ஒரு எதிர்க்கேள்வி கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து எனக்குக் கிடைப்பதெல்லாம் "ம்", "சரி". வாங்கியவர் வீடு அடுத்த தெருவில். அப்பா டீக்கடைக்கு அந்தத் தெரு வழியாகப் போவதில்லை, சுற்றித்தான் போகிறார்.

அன்றைக்கு வேட்டியை மடித்துக்கொண்டு சரிவில் உட்கார்ந்தார். "இழுக்கிற சக்கரம் எது? அது மேல எடை இருக்கா?" பேட்டரி, மோட்டார் எல்லாம் லாரியின் முன்னால். அதாவது, எடை முழுக்க சும்மா உருளுகிற சக்கரத்தின் மேல். இழுக்கிற சக்கரம் மண்ணை அழுத்தவே இல்லை. டிராக்டரின் பின் டயருக்குள் தண்ணீர் ஏற்றுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? வால்வை மேலே வைத்து, முக்கால் டயர் வரை. ஒரு டயருக்கு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். பஞ்சர் ஒட்டுகிறவர் திட்டுவார், ஆனால் உழும்போது சக்கரம் வழுக்காது.

பொம்மை டயரில் தண்ணீர் ஊற்ற முடியாதே. அப்பா வீட்டுக்குப் போய் ஒரு தகர டப்பா கொண்டுவந்தார். உள்ளே டிராக்டர் நட்டுகள். வண்டி போய்விட்டது, நட்டு இருக்கிறது. பையன் அவற்றை லாரியின் கூரை மேல் கட்டினான். சரிவில் ஏறியதும் லாரி மல்லாக்க விழுந்தது. "தலைல கட்டினா? கீழ, அச்சுக்குப் பக்கத்துல கட்டு." கட்டினோம். பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினோம். பாதிச் சரிவு வரை ஏறியது.

பையன் கேட்டான்: "நிலாவுல எடையே கம்மி. பிரக்யான் எப்படித் தாத்தா ஓடுச்சு?" தாத்தா என்னைப் பார்த்தார். பத்திரிகைக்காரன் பதில் சொல்லட்டும் என்று.

2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கியது. அதிலிருந்து உருண்டு வந்த பிரக்யான் 26 கிலோ. நிலாவில் தராசு வைத்தால் நாலரைக் கிலோ கூடக் காட்டாது. அதில் ஒரு கிராம் வீணாகக் கூடாது. எனவே ஆறு சக்கரம், ஆறுக்கும் தனித்தனி மோட்டார். சும்மா உருளுகிற சக்கரமே கிடையாது. வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். அவசரப்பட்டால் குழி தோண்டும். செவ்வாயில் ஸ்பிரிட் என்ற அமெரிக்க வண்டி 2009-ல் பொலபொலப்பான மண்ணில் புதைந்தது. பல மாதம் முயன்றும் வெளியே வரவில்லை.

இதில் நம்ம ஊர்ச் சமாச்சாரமும் உண்டு. நிலா மண் மாதிரி மண்ணில் ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்குக் கிடைத்தது நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறை. பெயர் அனார்த்தோசைட். அதைப் பொடித்துப் பரப்பித்தான் பரிசோதனை. நாமக்கல் என்றால் எனக்கு முட்டையும் லாரியும்தான் ஞாபகம் வரும்.

"ஒரு சக்கரம் கல்லு மேல தூக்கிக்கிட்டா?" என்றார் அப்பா, பேரனைப் பார்த்தபடியே.

பிரக்யானின் சக்கரங்களைத் தாங்குகிற கைகள் மேடு பள்ளத்துக்கு ஏற்ப மடங்கும், ஆறும் தரையில் இருக்கும் என்றேன். எங்கள் லாரிக்கு அந்த வசதி இல்லை. பாதிச் சரிவில் அதுதான் நடந்தது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் சுற்ற, மண்ணில் இருந்த மற்றது சும்மா நின்றது.

"எது சும்மா சுத்துதோ அதுக்குத்தான் எல்லாம் போகும். லாக் பெடல் இருக்காடா இதுல?"

டிராக்டரில் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு பெடல் இருக்கும், டிஃபரன்ஷியல் லாக். மிதித்தால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும். வண்டியைத் திருப்புமுன் விட்டுவிட வேண்டும். பையன் ஸ்குரு கழற்றி, பின் அச்சுப் பெட்டிக்குள் இருந்த குட்டிப் பல்சக்கரங்களை எம்-சீல் வைத்து அடைத்தான். ராத்திரி முழுக்கக் காய வைத்தோம். அதற்கப்புறம் மொசைக்கில் லாரி வளைய மறுக்கிறது, பிடிவாதமாக நேரே போகிறது.

மறுநாள் காலை சரிவில் முக்கால் தூரம் போனது, மூக்கைத் தூக்கியது. பின்னால் எடை ஏறினால் முன்னால் கிளம்பும். அப்பா இரண்டு நட்டைக் கழற்றி முன்பக்கம் கட்டினார். லாரி கரைமேல் ஏறி நின்றது. பையன் கத்திய கத்தலில் கொக்குகள் பறந்தன.

அப்பா கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வண்டி மூக்குல வெயிட் பிளேட் இருக்கும்ல, குடுக்கும்போது எண்ணிப் பாத்தியா?"

"இல்லப்பா."

தாளில் நான் அதை எழுதவே இல்லை.

"ரெண்டு கோழிக்கூட்டுக்குப் பின்னால கெடக்கு. நான்தான் கழட்டி வச்சேன். அவன் கொக்கிக் கலப்பை மாட்டினா முன்னால தூக்கும். கொண்டுபோய்க் குடுத்துட்டு வா."

சாக்கைப் போட்டு மூடியிருந்தார். ஒன்றைத் தூக்கினேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. மறுபக்கத்தைப் பையன் பிடித்தான். அடுத்த தெருவுக்கு இரண்டு நடை நடந்தோம். இரண்டாவது நடையில் அப்பாவும் கூட வந்தார், வாசல் வரைக்கும்.