கம்பத்திலிருந்து மேசைக்கு

வானொலித் தொடர்பு என்றதும் மேசையில் இருக்கும் கருவியும் கம்பத்து உச்சியில் நிற்கும் அன்டெனாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டையும் இணைத்துக் கீழிறங்கும் கறுப்பு வடத்தை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால், பல வேளைகளில் செய்தி இறந்துபோவது அந்த வடத்தில்தான்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது கரையோரங்களில் தொலைபேசிகள் ஊமையாகின. அந்தமானின் போர்ட் பிளேயரில் அமெச்சூர் வானொலி நிலையமொன்றை நடத்தச் சென்றிருந்த பாரதி பிரசாத்தும் அவரது குழுவினரும் தீவுகளின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள். இலங்கையில் விக்டர் குணதிலக்கவும் அவரது சக அமெச்சூர் வானொலியாளர்களும் சிற்றலையின் துணையுடன் அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தார்கள். அடுத்த சில மாதங்களில், கிழக்குக் கரையோரத்தில் நிவாரண நிறுவனங்கள் இயங்கிய இடங்களிலெல்லாம் அன்டெனாக்கள் முளைத்தன.

அவ்வாறான ஓர் அலுவலகத்துக்கு 2005ஆம் ஆண்டு மாரியில் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். கோடையில் முப்பது கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் தெளிவாகக் கேட்ட வாகனங்களின் குரல், மழை தொடங்கியதும் பத்துக் கிலோமீற்றரிலேயே அடங்கிவிட்டது. ஒரு மாலை, மருந்து ஏற்றிச் சென்ற வாகனம் வெள்ளம் மேவிய பாதையில் அகப்பட்டுக்கொண்டது. சாரதி மூன்று மணித்தியாலமாக அழைத்தும் எவர் காதிலும் அது விழவில்லை. அதிலிருந்த மூவரும் விடியும்வரை வாகனத்தின் கூரையில் இருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பதால் அது செய்தியாகவில்லை.

முதலில் கருவியை மாற்றினார்கள். பயனில்லை. பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து முதியவர் ஒருவரை அழைப்பித்தார்கள். வானொலி திருத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவர் கருவியைத் தொடவேயில்லை. வடத்தின் கீழ்நுனியை வெட்டி, உறையை உரித்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, பெட்டியிலை ஒரு பிழையுமில்லை. இதைப் பிழிஞ்சு பாரும்."

உண்மையாகவே நீர் சொட்டியது. கோஅக்சியல் வடத்தின் நடுவில் ஒரு செப்புக் கம்பி. அதைச் சுற்றிப் பொலித்தீன். அதன்மேல் நுண்ணிய செப்பு இழைகளால் பின்னிய வலை. எல்லாவற்றுக்கும் வெளியே கறுப்பு உறை. உச்சியிலுள்ள இணைப்பில் மழைநீர் சிறிதளவு புகுந்தாலே போதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த வலை நீரை மீற்றர் கணக்கில் இழுத்துவிடும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் பளபளக்க வேண்டிய செம்பு கருகிவிடும். அவர் உரித்துக் காட்டியது அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது.

அலுவலகத்தாரை ஏமாற்றியது மீற்றர். அது கடைசிவரை எல்லாம் நலமென்றே காட்டியது. அன்டெனா ஏற்காமல் திருப்பியனுப்பும் சக்தியையே அந்த மீற்றர் பார்க்கிறது. நனைந்த வடமோ போகும் சக்தியையும் விழுங்கும், திரும்பும் சக்தியையும் விழுங்கும். கெட்டுப்போன வடம்தான் மீற்றரிடம் நற்சான்றிதழ் பெறுகிறது.

வடத்தின் தெரிவும் பிழையாக இருந்தது. மெல்லிய ஆர்.ஜி. 58 வடத்தை முப்பது மீற்றருக்கு இழுத்திருந்தார்கள். 150 மெகாஹேர்ட்ஸ் அளவில், அது நனையாமலிருந்தாலும் கருவி அனுப்பும் 25 வாட்டில் ஏறக்குறைய கால்வாசிதான் அன்டெனாவைச் சேரும். தடித்த ஆர்.ஜி. 213 ஆக இருந்தால் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகச் சேரும். முதியவர் தடித்ததையே கொண்டுவந்திருந்தார்.

அன்று முழுவதும் அவர் செய்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடத்தை எங்கும் மடக்கவில்லை. வளைவுகள் ஒவ்வொன்றும் வடத்தின் தடிப்பைப்போல் பத்து மடங்கு ஆரையுடன் அகன்றிருந்தன. வடத்தின் பாரம் இணைப்பில் தொங்காதபடி கம்பத்தோடு இடைக்கிடை கட்டினார், நசுங்குமளவுக்கு இறுக்காமல். இணைப்பின்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் இறப்பர் ரேப்பை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடும்படி சுற்றினார். வெயில் அதைத் தின்னாதிருக்க மேலே கறுப்பு வைனைல் ரேப். அதன் கடைசிச் சுற்றை இழுக்காமல் விட்டார். இழுத்து ஒட்டினால் நாளடைவில் நுனி கிளம்பிவிடுமாம். வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசையை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தபோது, அது செம்பை அரிக்கும் என்று திருப்பியனுப்பினார்.

மேலுறை ரேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுவதன் காரணத்தைக் கேட்டேன்.

"கிடுகு வேயிறதைப் பார்த்திருக்கிறீர்தானே? தாவாரத்திலை தொடங்கி மேலை போறதேன்? மேல் கிடுகு கீழ்க் கிடுகை மூடினால்தான் தண்ணி வழிஞ்சோடும். மாறி வேய்ஞ்சால் வீட்டுக்குள்ளைதான் மழை."

வடம் சுவருக்குள் நுழையுமிடத்தில் அதைத் துவாரத்துக்குக் கீழே தாழ்த்தி, மீண்டும் உயர்த்தி உள்ளே விட்டார். வடத்தில் வழிந்துவரும் நீர் அந்தத் தாழ்ந்த வளைவிலிருந்து நிலத்தில் சொட்டிவிடும். நுழைவாயிலருகே வடத்தின் வெளிவலையை நிலத்தில் புதைத்த செப்புக் கோலுடன் இணைத்தார். மின்னல் நேராக விழுந்தால் அது மட்டும் போதாது என்றும், இடி முழங்கும் வேளையில் வடத்தைக் கருவியிலிருந்து கழற்றிவிடுமாறும் அலுவலகத்தாருக்குச் சொல்லிவைத்தார்.

அலுவலகப் பொறுப்பாளருக்குப் பொறுமையில்லை. ஒரு வயர் கட்ட ஒரு நாளா என்று இருமுறை கேட்டார். முதியவர் பதில் சொல்லவில்லை. மாலையில், முதல்நாள் வரை கேட்காத தூரத்திலிருந்து ஒரு சாரதியின் குரல் ஒலித்தபோது பொறுப்பாளரும் பேசவில்லை.

நம்மவர் நன்கொடை திரட்டும்போது கருவிகளின் படங்களையே காட்டுகிறோம். ரேப்புக்கும், அதைச் சுற்றத் தெரிந்த கைக்கும் எவரும் நிதி கேட்பதில்லை. இன்று பல தொலைபேசிக் கோபுரங்களில் ஒளியிழை வடங்கள் உச்சிவரை செல்கின்றன. அங்கும் கடைசிச் சில மீற்றர் பெரும்பாலும் செப்பு வடமே. அந்த இணைப்புகளுக்கும் மழைதான் பகை. அனர்த்த காலத்துக்கென உங்கள் ஊரில், கோவிலில், வாசிகசாலையில் ஒரு வானொலி நிலையம் இருக்குமானால், ஐப்பசி பிறக்குமுன் தொழில் தெரிந்த ஒருவரைக் கம்பத்தில் ஏற்றி அந்த இணைப்பைப் பார்க்கச் செய்யுங்கள். மீற்றர் காட்டுவதை நம்பி இருந்துவிடாதீர்கள்.