ஒரு நாளில் பதினைந்து நிமிடம்

“சுட்டுப்போட்டாலும் இவங்களுக்கு இங்கிலீஷ் வராதுக்கா. பத்து வருஷம் படிச்சிட்டும் வாயைத் திறக்க மாட்டாங்க.” என் சித்தி மகள் ஏழு வருஷமாக டோக்கியோவில் இருக்கிறாள், அந்தத் தெம்பில் அடித்துச் சொல்கிறாள். அவள் குடியிருக்கும் நிஷி-கசாய், இந்தியக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி. துவரம்பருப்பு நடந்துபோய் வாங்கிவரும் தூரத்தில் கிடைக்கிறது. பார்க்காமல் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. எதிர்வீட்டில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் இருந்தாள். ஒரு நாள் முழுக்க அவள் பின்னாலேயே சுற்றலாமா என்று கேட்கச் சொன்னேன். மூன்று நாள் யோசித்துவிட்டு, பெயரும் படமும் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

2025 ஜூன். மழைக்காலம். காலை 9 மணிக்குக் கீழே இறங்கினால், உள்ளிருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குடையோடு வாசலில் நிற்கிறாள். “ஹவ் ஆர் யூ?” என்றேன். “ஐ அம் ஃபைன் தேங்க் யூ அண்ட் யூ?” ஒரே மூச்சில், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி வந்தது. பள்ளியில் கோரஸாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் தங்கிவிட்ட வரி. நானும் ஃபைன் என்றேன். அதற்கு மேல் பாடப்புத்தகத்தில் வசனம் இல்லைபோலிருக்கிறது. சிரித்துவிட்டு, கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினாள்: ‘மேன்ஷன் வாசல் வழுக்கும், கவனம்.’

இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மேன்ஷன் என்று பெயர். திருவல்லிக்கேணியில் கல்யாணமாகாத ஆண்கள் தங்கும் விடுதிக்கு மேன்ஷன். இங்கிலாந்துக்காரன் மேன்ஷன் என்று எதைச் சொல்கிறானோ, அது இரண்டு ஊரிலும் இல்லை.

என் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இன்று இவள் வாயிலிருந்து ஆங்கிலம் எத்தனை நிமிடம் வெளியே வருகிறது என்று மட்டும் குறிப்பது. என்னோடு பேசுவது கணக்கில் சேராது; நான் இவளுடைய அன்றாடத்தில் இல்லாத ஆள்.

அவள் கல்லூரி இருக்கும் வசேதா வரை தோசாய் பாதையில் டிக்கெட் 260 யென். ரயில் கொஞ்ச தூரம் மேம்பாலத்தில் ஓடி, அரகாவா ஆற்றைத் தாண்டியபின் பூமிக்குள் இறங்குகிறது. உட்கார இடமில்லை. ஆனால் சத்தமே இல்லை. ஈரத் துணி வாசனை, குடைகளிலிருந்து சொட்டும் நீர், அவ்வளவுதான். கைபேசியில் யாரும் பேசவில்லை. அவள் உள்ளங்கையளவு புத்தகம் ஒன்றை எடுத்தாள். டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வுக்கான ஆயிரம் சொற்கள். பக்கத்தின் மேல் சிவப்பு நிறக் கண்ணாடித் தாள் ஒன்றை வைத்ததும், சிவப்பு மையில் அச்சான சொற்கள் எல்லாம் மறைந்துவிட்டன. கறுப்பில் இருக்கும் ஜப்பானிய வாக்கியத்தைப் பார்த்து, மறைந்திருக்கும் ஆங்கிலச் சொல்லை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். தாளை ஒரு விரல்கடை கீழே இழுக்கிறாள், சரியா என்று பார்க்கிறாள், மறுபடி மூடுகிறாள். உதடு அசைகிறது, ஒலி வரவில்லை. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன், வளையத்தில் கோத்த சின்ன அட்டைகளைப் புரட்டிக்கொண்டு அதே உதட்டசைவில் இருந்தான். ஒரு பெட்டிக்குள் எத்தனை ஆங்கிலச் சொற்கள் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தனவோ! அரை மணியில் இவள் முடித்தது நாற்பது சொல். நோட்டில் எழுதினேன்: 0 நிமிடம்.

வசேதாவில் இறங்கி நடந்தோம். வளாகத்துக்குள் என்னை யாரும் தடுக்கவில்லை. வகுப்புக்குள் போவது மரியாதையில்லை என்று நானே தாழ்வாரத்தில் நின்றுகொண்டேன். கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி. இருபது பேர் இருப்பார்கள். ஆசிரியர் பேசுகிறார், இவர்கள் எழுதுகிறார்கள். நடுவில் எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள். கையில் தாள். ஒருவர் கேள்வியை வாசிக்க, மற்றவர் பதிலை வாசித்தார். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன், 4 நிமிடம். தாளைப் பார்த்து வாசித்தாலும் வாய் திறந்திருக்கிறதே, போகட்டும் என்று நாலையும் அவள் கணக்கில் சேர்த்தேன்.

வகுப்பு முடிய நேரம் இருந்தது. பத்து நிமிட நடையில் நட்சுமே சோசெகி கடைசிவரை வாழ்ந்த வீட்டின் இடத்தில் ஒரு நினைவகம் இருக்கிறது. 2017இல் திறந்தார்கள், நுழைவு 300 யென். தரையெல்லாம் புத்தகம் அடுக்கிய அவருடைய படிப்பறையை அப்படியே மறுபடி அமைத்திருக்கிறார்கள். சோசெகி நாவலாசிரியர் ஆவதற்கு முன் ஆங்கில ஆசிரியர். 1900இல் அரசாங்கம் அவரை ஆங்கிலம் ஆராய லண்டனுக்கு அனுப்பியது. பணம் போதவில்லை, மனிதர்கள் ஒட்டவில்லை. இரண்டு வருஷத்தில் பெரும்பகுதி அறைக்குள் புத்தகத்தோடு அடைந்து கிடந்தார். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று டோக்கியோ வரை பேச்சு வந்தது. திரும்பி வந்து டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தினார். லண்டனிலேயே கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலம் படித்த மனிதரைப் பார்த்த பிறகு, ரயிலில் உதட்டை மட்டும் அசைத்த பெண்மேல் எனக்கு இருந்த குறை பாதியாகிவிட்டது.

மதியம் கல்லூரி உணவகம். ஜப்பானியக் கறிச்சோறு நானூற்றுச் சொச்சம் யென். இனிப்பாக இருக்கும், நம் நாக்கு ஒரு பச்சை மிளகாய் கேட்கும். அவளுடைய தோழிகள் மூவர். பேச்சு முழுக்க ஜப்பானியம். ஆனால் காதைத் தீட்டிக் கேட்டால் ஆங்கிலம் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. ரெபோத்தோ என்றால் வகுப்புக்கு எழுதித்தரும் கட்டுரை. கன்னிங்கு என்றால் பரீட்சையில் பிட் அடிப்பது. கைபேசிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டியிருந்தபோது ஒருத்தி “கொன்சென்தோ, கொன்சென்தோ” என்று சுவரெல்லாம் தேடினாள். நாம் பிளக் பாயின்ட் என்கிறோமே, அது. இவற்றையெல்லாம் அப்படியே கொண்டுபோய் ஒரு ஆங்கிலேயனிடம் சொன்னால் அவன் விழிப்பான். படித்த பத்து வருஷத்தில் பாதி, இந்தச் சொற்களை வாயிலிருந்து கழற்றுவதிலேயே போயிருக்கும்.

மெய்யெழுத்தில் நிற்க இந்த மொழிக்குப் பிடிக்காது. ‘ன்’ ஒன்றைத் தவிர எல்லாச் சொல்லின் வாலிலும் ஓர் உயிரை ஒட்டிவிடும். பஸ் இங்கே ‘பாசு’. நான் சிரிக்க முடியுமா? பஸ்ஸு, லைட்டு, பேங்க்கு என்று உகரம் ஒட்டியே வளர்ந்த நாக்கு என்னுடையது. ல, ர விஷயத்தில்தான் நமக்குச் சொத்து அதிகம். நாம் ல, ள, ழ, ர, ற என்று ஐந்தை வைத்துக்கொண்டு திண்டாட, இவர்களிடம் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் ஒலி. விளக்கைச் சொன்னாலும் வலப்பக்கத்தைச் சொன்னாலும் ‘ரைதோ’தான். ‘ழ’ சொல்லிக் காட்டினேன். நாலு பேரும் முயன்றார்கள். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

2.30க்கு அவளுக்கு வேலை. தகதானோபாபா ஸ்டேஷன் வரை இருபத்தைந்து நிமிடம் மழையில் நடந்தோம். இந்த ஸ்டேஷனில் யமனோத்தே ரயில் கிளம்பும்போது ஆஸ்ட்ரோ பாய் கார்ட்டூன் பாட்டின் மெட்டு ஒலிக்கிறது. அடுத்த ஸ்டேஷன் மெஜிரோ. அங்குள்ள ககுஷுயின் பல்கலைக்கழகத்தில்தான் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு என்று எழுதிய சுசுமு ஓனோ பேராசிரியராக இருந்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு அவர் பெயரே தெரியவில்லை.

அவள் வேலைபார்ப்பது இருபத்துநாலு மணிநேரக் கடை ஒன்றில். அப்போது டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென், அவளுக்கும் அதுதான். சூரை மீன் வைத்த சோற்றுருண்டை ஒன்றை 170 யென்னுக்கு வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் நின்று தின்றபடி பார்த்தேன். பெரிய பெட்டியோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தது. இதோ ஆங்கிலம் வரப்போகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தேன். கணவர் கைபேசியில் எழுதி நீட்டினார். அது ஜப்பானியத்தில் பேசியது. இவள் கல்லாத் திரையில் ஒரு பொத்தானைத் தொட, திரை ஆங்கிலத்துக்கு மாறியது. இரண்டு முறை “ஓகே” என்றாள். வேலை முடிந்தது.

அதைவிட எனக்கு வியப்பு, பக்கத்துக் கல்லாவில் நின்ற பையன். நேபாளத்துக்காரன், என்னிடம் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசினான். அவளும் அவனும் மூன்று மணிநேரம் தோளுரச வேலைபார்த்தார்கள். பேசிய மொழி ஜப்பானியம் மட்டுமே. ஏன் என்று அவனைக் கேட்டேன். “என் ஜப்பானியம் தேற வேண்டாமா?” என்றான். தகதானோபாபாவைச் சுற்றி ஜப்பானிய மொழிப் பள்ளிகள் ஏராளம். மியான்மர்க்காரர்கள் மிகுந்து ‘குட்டி யாங்கூன்’ என்றே இந்தப் பேட்டைக்குப் பட்டப்பெயர் உண்டு. இத்தனை தேசத்தாரும் இங்கே ஒருவரோடொருவர் பேச ஆங்கிலம் தேவைப்படவில்லை. வாயைத் திறக்க மாட்டார்கள் என்று தங்கை சொன்னாளே, திறக்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

பிறகு எதற்கு அந்தச் சிவப்புத் தாள்? இரவுச் சாப்பாட்டுக்கு சைசெரியாவில் உட்கார்ந்தபோது விளக்கினாள். மாணவர்கள் மொய்க்கும் மலிவான இத்தாலியச் சாப்பாட்டுக் கடை அது. சீஸ் போட்டுச் சுட்ட சோறு 300 யென், கூட 200 யென் கொடுத்தால் குடிக்கிற பானங்கள் வேண்டுமட்டும். அடுத்த வருஷம் வேலை தேட வேண்டும். கம்பெனிகளின் விண்ணப்பத்தில் டோயிக் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கும். இந்தத் தேர்வே ஜப்பானியர் கேட்டு அமெரிக்க நிறுவனம் 1979இல் தொடங்கியது. 200 கேள்விகள், 2 மணிநேரம், உச்ச மதிப்பெண் 990. காதால் கேட்டு நூறு, கண்ணால் வாசித்து நூறு. பென்சிலால் வட்டம் கறுக்க வேண்டும். வாய்க்கு வேலையே இல்லை. கட்டணம் 7,810 யென். இன்று மூன்று மணிநேரம் நின்று சம்பாதித்தது 3,489 யென் என்றால் கணக்கு நீங்களே போடலாம்.

கல்லூரி நுழைவுக்கான பொதுத்தேர்வும் இப்படித்தான்: வாசிப்புக்கு 100, கேட்டலுக்கு 100. வெளித்தேர்வுகளின் மூலம் பேச்சையும் சேர்க்க ஒரு திட்டம் இருந்தது; எதிர்ப்பு கிளம்பி 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். டோக்கியோ அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சேர 2022 முதல் பேச்சுத் தேர்வு உண்டு. இவள் தம்பி காதில் பட்டை மாட்டி, கணினிப் பலகையிடம் பேசிவிட்டு வந்தானாம். மனுஷரிடம் அல்ல.

தட்டை நகர்த்திவிட்டு 75 நிமிடத்துக்கு மணி வைத்தாள். நூறு வாசிப்புக் கேள்விகள். அழிரப்பர் தூசி என் காபிக்குள் பறந்தது. இடையில் ஒரு வாக்கியத்தில் சிக்கி, வினைச்சொல் ஏன் இவ்வளவு முன்னால் வந்து நிற்கிறது என்று என்னிடம் முறையிட்டாள். நான் என்ன சொல்ல? என் மொழியிலும் அது கடைசியில்தான் வரும் என்று ஒரு தமிழ் வாக்கியத்தைத் துண்டு துண்டாக எழுதிக் காட்டினேன். அதற்குக் கீழே ஜப்பானியத்தை எழுதினாள். துண்டுக்குத் துண்டு பொருந்தியது. “ஸேம்!” என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

எட்டரை மணிக்கு, எனக்கு விளங்காத ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனாள்: கரோக்கே கடை. அரை மணிக்கு ஓர் அறை, ஆளுக்கொரு பானத்தோடு இரண்டு பேருக்கும் சேர்த்து 1,200 யென். பாடுவதற்கு இல்லை. வாரம் இரண்டு நாள் பிலிப்பைன்ஸ் ஆசிரியை ஒருவரிடம் இணையத்தில் 25 நிமிடப் பாடம். வீட்டில் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி. அவன் கேலி செய்வான். இங்கே சுவர்கள் சத்தத்துக்கென்றே கட்டியவை. கம்பளத்தில் பழைய சிகரெட் வாடை. கைபேசியை ஒலிவாங்கியில் சாய்த்து வைத்தாள். திரையில் ஆசிரியை வந்தார், அவருக்கு அங்கே ஒரு மணிநேரம் குறைவு. பின்னால் எங்கோ நாய் குரைத்தது. பக்கத்து அறையில் யாரோ உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

இன்று என்ன செய்தாய் என்று ஆசிரியை கேட்டார். நெடுநேரம் மௌனம். ஐந்து வினாடி, பத்து வினாடி. கைகள் மேசைக்கடியில் சிவப்புத் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தன. பிறகு, “டுடே… ஒன் லேடி ஃபாலோ மீ” என்றாள். ஆசிரியை பதறி, போலீசுக்குச் சொன்னாயா என்றார். “நோ, நோ! ஷி இஸ் கைன்ட். பட் ஷி ஹேவ் நோட்புக். ஆல்வேஸ் லுக் வாட்ச்.” காலம் தப்பியது, ஒருமை பன்மை தப்பியது. சொல்ல வந்தது ஒன்றும் தப்பவில்லை. ழ-வைப் பற்றிச் சொன்னாள், சொல்லியும் காட்டினாள். ரயிலில் மனப்பாடம் செய்த நாற்பதில் ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து வைத்தபோது கண்ணில் ஒரு மின்னல். அவள் குரல் மட்டும் ஒலித்த நேரத்தைக் கூட்டினேன்: 11 நிமிடம்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நோட்டைக் காட்டச் சொன்னாள். எண்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்: 0, 4, 0, 11. அடியில் 15. கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “திஸ் இஸ் மிஸ்டேக்” என்றாள். காலையில் நீட்டிய அந்தச் செயலி மதியத்துக்குப் பிறகு வெளியே வரவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பேனாவை வாங்கி, 11க்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள். கூட்டல் குறி போட்டு, 90, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்கு எதிரே கத்தகானா எழுத்தில் ஏதோ எழுதினாள். என்னவென்று கேட்டேன். காலையில் என் தங்கை என்னைக் கூப்பிட்டதைக் கேட்டு வைத்திருக்கிறாள். “அக்கா” என்று வாசித்தாள், வாலில் எதுவும் ஒட்டாமல்.