எற்பாட்டில் ஒரு நெடுவழி

பணி ஓய்வு என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது சாய்வு நாற்காலியும் செய்தித்தாளும் பேரக்குழந்தைகளுமே. ஆஸ்திரேலியாவில் வேறொரு வழக்கமும் வேரூன்றியிருக்கிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை அனைத்தும் அடங்கிய மோட்டார்ஹோமில் ஏறி, ஓய்வுபெற்ற தம்பதியர் மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுகின்றனர். 'கிரே நோமட்ஸ்' என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். நரைத்த நாடோடிகள் என நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அவர்கள் விரும்பிச் செல்லும் வழிகளுள் ஒன்று விக்டோரியா மாநிலத்தின் கிரேட் ஓஷன் ரோடு. டார்க்வே முதல் ஆலன்ஸ்ஃபோர்டு வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர். முதல் உலகப்போரிலிருந்து மீண்ட வீரர்கள், மடிந்த தோழர்களின் நினைவாக 1919 தொடங்கி 1932 வரை மலையைக் குடைந்து அமைத்த சாலை அது.

அவ்வழியே சென்ற நாங்கள் இருவரும் அப்போலோ பே என்னும் ஊரில் ஓரிரவு தங்கினோம். அடுத்த மோட்டார்ஹோமில் எழுபதைக் கடந்த ஒரு தம்பதியர். கணவருக்குப் பார்வை மங்கி வருகிறது. மீளாது என மருத்துவர் கூறிவிட்டாராம். வாழ்நாளெல்லாம் சிறிய கார் மட்டுமே ஓட்டிய மனைவி, ஏழு மீட்டர் நீள வண்டியை ஓட்ட எழுபதாம் வயதில் பழகியிருக்கிறார். தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதும் கழிவுத் தொட்டியைக் காலிசெய்வதும் இன்னமும் கணவரின் பணிகள்; கைத்தடவலிலேயே செய்தார்.

மறுநாள் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்'களைக் காணப் போவதாகச் சொன்னார்கள். கடலில் நிற்கும் அச்சுண்ணாம்புப் பாறைத் தூண்களின் எண்ணிக்கை பெயரளவில்தான் பன்னிரண்டு. 2005-இல் ஒன்று கண்முன்னே சரிந்தது. அருகிலுள்ள 'லண்டன் பிரிட்ஜ்' பாறைப்பாலத்தின் ஒரு வளைவு 1990-இல் இடிந்துவிழ, மறுமுனையில் சிக்கிய இருவரை ஹெலிகாப்டரில் மீட்டனர். "பாறையும் காத்திருக்காது, என் கண்ணும் காத்திருக்காது" என்று அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது எற்பாடு. வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லித்தரும் செய்திதான். கரையில் தனித்திருப்பவளின் துயரமாகவே அதை விளக்கி வந்திருக்கிறோம். உடனிருப்போர்க்கும் இரங்கல் உண்டென்பதை அன்று மாலை கண்டோம். கடல் இப்போது என்ன நிறம் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஈயம்போல் இருக்கிறது, இப்போது ஓரத்தில் செம்மை படர்கிறது என்று அம்மையார் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓரளவு அவருக்கே தெரிந்திருக்கும். எனினும் கேட்டார். வரவிருக்கும் நாட்களுக்கு இருவரும் இப்போதே ஒத்திகை பார்க்கின்றனர் என்பது எங்களுக்கு மெல்லத்தான் விளங்கியது.

எங்கள் ஓய்வுக்கு இன்னும் பதினைந்தாண்டுகள் உள்ளன. வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்பும் முடியட்டும், பிறகு ஊர் சுற்றலாம் என்பது எங்கள் வீட்டின் வழக்கமான பேச்சு. எங்களுள் ஒருவருக்கு மட்டுமே கார் ஓட்டத் தெரியும். ஊர் திரும்பிய வாரமே மற்றவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்.