விளக்கைத் திறப்பவர்கள்

சிங்கப்பூரிலே சில காலம் வசித்தவர்கள், இருட்டிய அறைக்குள் நுழைகிற சீன நண்பர் ஒருவர், 'ஓப்பன் த லைட்' என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். விளக்கையாவது, திறக்கவாவது என்று சிரித்தும் இருப்பார்கள். எனக்கென்னவோ சிரிப்பு வருவதில்லை. தாய்மொழியின் ஒரு வினைச்சொல்லிடத்தில் வைத்த விசுவாசமே அவரை அப்படிப் பேசச் செய்கிறது.

அந்த வினை நம் காதில் 'கை' என்று விழும். அதன் பழைய எழுத்து வடிவத்தை உற்று நோக்கினால், இரட்டைக் கதவுள்ள ஒரு வாயிலும், உள்ளே குறுக்குத் தாழும், அதை நீக்குகிற இரு கரங்களுமாக ஒரு சித்திரமே தென்படும். 1956-இல் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தில் கதவு கழன்றுபோய் உட்பகுதி மட்டும் மிஞ்சிற்று. ஆனால் அதற்கு வெகு காலம் முன்னரே சொல் கதவை விட்டுப் புறப்பட்டுவிட்டது. பூ மலர்வதும், தண்ணீர் கொதிப்பதும், மோட்டார் ஓட்டுவதும், கூட்டம் நடத்துவதும், வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதுவதும், பரிகாசம் செய்வதும், விளக்குப் போடுவதும் அந்த ஒரே வினையின் ஆட்சிக்கு உட்பட்டவை. பரீட்சைக்காகக் கண்விழித்துப் படிப்பதைக்கூட 'இரவு வண்டி ஓட்டுவது' என்று அதே வினையைக் கொண்டே சொல்வார்கள்.

இருமொழி அகராதியில் அதற்கு நேரே முதலில் நிற்பது 'ஓப்பன்'. அதை மனனம் செய்த மாணாக்கர், கதவு, ஜன்னல், புத்தகம், வங்கிக் கணக்கு வரையில் சௌக்கியமாகப் பிரயாணம் செய்து, விளக்கண்டை வந்ததும் இடறி விழுகிறார். ஒரு சொல் எதுவரை செல்லும் என்பதை அகராதிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆங்கிலேயர் மட்டும் தர்க்கத்தைப் பார்த்தா பேசுகிறார்கள்? தண்ணீர்க் குழாயையும் எரிவாயுக் குழாயையும் திருகிய காலத்து 'டர்ன் ஆன்' என்ற வழக்கு, திருகே இல்லாத மின்சார சுவிட்சுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நாமோ விளக்கைப் 'போடுகிறோம்'. எங்கே போடுகிறோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. மின்சார சாஸ்திரத்தில் பார்த்தால் விபரீதம் இன்னும் முற்றுகிறது. திறந்த சுற்றில் மின்னோட்டம் கிடையாது. சுவிட்சு மூடினால்தான் விளக்கு எரியும். சீனக் கலைச்சொல்லும் அப்படியே அமைந்திருக்கிறபடியால், விளக்கு எரிய உதவுகிற அதே வினை, சுற்று அறுந்து இருண்ட நிலைக்கும் பெயராகிறது. சுவிட்சுக்கோ 'திற', 'மூடு' என்ற இரண்டையும் சேர்த்துக் கட்டிய கூட்டுச்சொல். இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு சீன எலெக்ட்ரீஷியன்கள் நிம்மதியாக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

என் அபிப்பிராயத்தில், விளக்குப் பிழை சீக்கிரம் தீர்ந்துவிடும். பிடிவாதமானது கடைப் பிழை. கடை மூடியிருந்தால் 'க்ளோஸ்ட்'. ஆகவே திறந்திருந்தால் 'ஓப்பன்ட்' என்று எழுதுகிற மாணாக்கரைக் குறை சொல்ல நியாயமே இல்லை, ஏனெனில் அவர் இலக்கண விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார். விதியை மீறியது ஆங்கிலம்தான். அதில் 'ஓப்பன்' என்பது வினையாக மட்டுமின்றி, ஆதியிலிருந்தே திறந்த நிலையைக் குறிக்கும் பெயரடையாகவும் வழங்கிவந்ததால் வேறு விகுதியை வேண்டவில்லை. 'க்ளோஸ்' என்ற பெயரடையோ வினையினின்று சற்று வேறான உச்சரிப்போடு நாளடைவில் 'அருகில்' என்ற அர்த்தத்துக்குப் போய்விட, மூடிய கடைக்கு விகுதி சேர்த்த வடிவமே கதியாயிற்று. உபாத்தியாயர்கள் இந்தச் சரித்திரத்தைச் சொல்லாமல் சிவப்பு மையால் விகுதியை மட்டும் அடித்துவிடுகிறார்கள். அடுத்த வாரமே அது மீண்டும் முளைத்து வருகிறது.