புதினா வாசனை

துணி ஊற வைக்கும்போது பையைத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். பிளஸ் ஒன் படிக்கும் மகனின் சட்டைப் பையில் அன்று ஒற்றை சிகரெட்! முகர்ந்து பார்த்தேன், புதினா வாசனை. ஒரு மாதமாக அவனிடம் வீசிய அதே வாசனை. மிட்டாய் என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தேன்!

"மோகனூர் காவேரிக்கரையில சிநேகிதன் குடுத்தான்மா. இது மென்தால், ஒண்ணும் பண்ணாது. இருமல்கூட வராது" என்கிறான்.

இருமல் வராததுதானே ஆபத்து, சகோதரிகளே! மென்தால் தொண்டையைக் குளிர வைத்து எரிச்சலை மறைத்துவிடும். பழகாத பிள்ளையும் புகையை ஆழமாக இழுப்பான். உள்ளே போகும் நிகோடினும் தாரும் எல்லா சிகரெட்டிலும் இருப்பதுதான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2020 மே மாதம் முதல் இதற்குத் தடை. நம் நாட்டில் 18 வயது ஆகாதவர்களுக்கு எந்த சிகரெட்டும் விற்கக் கூடாது, பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் விற்பனையே கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சொல்லி என்ன, பையில் வந்துவிட்டதே!

சின்னதில் சளி பிடித்தால் அவன் நெஞ்சில் நான் தேய்த்த தைலத்திலும் இதே மென்தால்தான். அதைச் சொன்னபோதுதான் தலை குனிந்தான்.

அவன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. "நீயே சொல்லிடு கண்ணு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் தவணை" என்றிருக்கிறேன். இன்று வெள்ளி.