சுண்ணாம்பு போட்டு அவித்த சோளம்

டாக்கோ என்றால் எங்களுக்குத் தெரிந்தது மஞ்சள் நிறத்தில் வளைந்த அப்பளம் மாதிரி ஒரு சாமான். ஒரு கடி கடித்தால் உடைந்து மடியெல்லாம் கொட்டும். ஸ்காபரோவில் பள்ளி முடிந்து வரும்போது பசிக்குச் சாப்பிடுவோம், அவ்வளவுதான். அது அமெரிக்கச் சங்கிலிக் கடைகள் உலகம் முழுக்கப் பரப்பிய வடிவம் என்பதெல்லாம் பிறகு தெரிந்த கதை.

போன விண்டரில் நாங்கள் மூன்று மச்சான்மார் ரொறன்ரோ கென்சிங்டன் மார்க்கெட்டுக்குப் பழைய ஜாக்கெட் வாங்கப் போனோம். ஜாக்கெட் சரிவரவில்லை. குளிரில் நடந்து வரும்போது ஒரு வாசம் வந்தது. இறைச்சி வாசம் இல்லை. அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தைத் திறந்தால் வருமே, அந்த ஈரச் சுண்ணாம்பு வாசம்! டவுன்டவுன் ரொறன்ரோவில் யார் வெத்திலை போடுறது?

கதிரை மேசை இல்லாத சின்ன டேக்அவுட் கடை. ஜன்னலுக்குள் ஒரு அம்மா நின்றா, மெக்சிக்கோவில் புவெப்லா ஊர்க்காரி. நாங்கள் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு வாளியைத் தூக்கிக் காட்டினா. சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து இரவு முழுக்க ஊறவிட்ட சோளம். காலையில் கழுவித் தோல் போகத் தேய்த்து, அரைத்துத் தட்டினால் தோர்த்தியா. இப்படி அவித்து ஊறவைத்த சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். மெக்சிக்கோவின் பழங்குடிகள் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செய்வது.

இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. சோளத்தில் உள்ள நயாசின் என்ற விட்டமின், சுண்ணாம்பு சேர்ந்தால்தான் எங்கள் உடம்புக்குச் சரியாகக் கிடைக்கும். ஐரோப்பியர் அங்கிருந்து சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சோளமே சாப்பாடு என்றிருந்த வட இத்தாலி ஏழைகளுக்கும், பிறகு அமெரிக்காவின் தெற்கில் இருந்தவர்களுக்கும் பெலாக்ரா என்ற நோய் வந்தது. தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். பயிரை எடுத்தவன் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அன்று சாப்பிட்டது அல் பஸ்தோர். கம்பியில் குத்திச் சுழலவிட்ட பண்டி இறைச்சி, மேலே ஒரு துண்டு அன்னாசி. பார்த்தால் அச்சு அசல் ஷவர்மா. லெபனானில் இருந்து மெக்சிக்கோ போன குடியேறிகளின் கைப்பக்குவத்தில் இருந்து வந்ததாம். அடுத்தது எலோத்தே: சோளப் பொத்தியில் மயோனீஸ், சீஸ், மிளகாய்த்தூள், தேசிக்காய்ப் புளி. மயோனீசை வழித்துவிட்டுக் கடித்தோம். ஹபரணையில் இருந்து திருகோணமலைக்கு வரும் றோட்டுக் கரையில் அவித்து விற்கிற பொத்தி ஞாபகம் வந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

அன்றிரவே திரியாய்க்குப் போன் எடுத்தோம். பெரியம்மா நம்பவில்லை. "சோளனுக்குச் சுண்ணாம்போ? வெத்திலைக்குத்தானடா சுண்ணாம்பு! அங்க குளிருக்குள்ள உங்களுக்கு என்னவோ நடந்திட்டுது."

ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது செய்தே காட்டுவது என்று முடிவு. சுண்ணாம்பு ஊரில் தாராளம். ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் போதும். சோளம்தான் பிரச்சினை. 1985இல் ஊர் இடம்பெயர முதல் எங்கள் குடும்பத்துக்குச் சேனை இருந்தது. கொச்சிக்காய், கச்சான், குரக்கன், ஊடே சோளன். (கொச்சிக்காயும் சோளனும் மெக்சிக்கோப் பக்கத்தில் இருந்து வந்தவை என்று சொன்னதற்குப் பெரியம்மா பேசினது இங்கே எழுத முடியாது.) அந்தக் காணிக்குள் இப்போது எல்லைக் கல் நிற்கிறது. யார் நட்டது, ஏன் நட்டது என்பது தனிக் கட்டுரை. பெரியம்மா அந்தப் பக்கம் கையைக் காட்டினா, கிட்டப் போகவில்லை.

கடையில் கிடைத்தது கோழித்தீனுக்குப் போகிற கலப்பினச் சோளம். இலங்கையில் விளைகிற சோளத்தில் பெரும்பங்கு தீனுக்குத்தானே போகிறது. அதை அவித்து, ஊறவைத்து, அம்மியில் அரைத்தோம். மெக்சிக்கோக்காரரின் மெத்தாத்தேயும் அம்மி மாதிரிக் கல்லுத்தான், முழந்தாளில் இருந்து அரைக்கிறது. எங்கள் கை அரை மணித்தியாலத்தில் விட்டுவிட்டது. பெரியம்மா தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு முழுவதையும் அரைத்து முடித்தா.

முதல் நாலு ரொட்டி வெடித்துத் தூளாகிப் போனது. ஐந்தாவது, பொலித்தீன் பைக்கு நடுவில் வைத்துத் தட்டத்தால் அமத்தி, தோசைக்கல்லில் போட்டது, ஓரம் கருகினாலும் மடிந்தது. உள்ளே கணவாய்ப் பிரட்டல். புவெப்லா அம்மா பார்த்தால் என்ன சொல்லுவா தெரியாது. எங்களுக்கு அது டாக்கோதான்.

பெரியம்மா இரண்டு சாப்பிட்டா. "ரொட்டி நல்லாத்தான் இருக்கு. சோளன் சரியில்ல. எங்கட சோளன் எண்டா மணக்கும்."

பிறகு எழும்பிக் குசினிக்குள் கூட்டிப்போனா. அடுப்புக்கு மேலே, புகை படுகிற இடத்தில், மூன்று பொத்தி தோலோடு முடிச்சுப் போட்டுத் தொங்கியது. கறுத்துப் போய், கைக்கு அடக்கமாய். தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்கின பழைய விதையாம். கோடிக்குள் ஒரு பாத்தியில் போட்டுப் போட்டு எடுத்து வைக்கிறாவாம்.

"இதில ஒண்டை அவிச்சுப் பாப்பமா?" என்று கேட்டோம்.

"விசரே உங்களுக்கு? அது விதை. காணி விட்டா போடுறதுக்கு."